கடுவன் பூனைக்குச் சிறுநீர் அடைத்தால் காத்திருக்க நேரமில்லை: அறிகுறி முதல் வீட்டுப் பராமரிப்பு வரை

நெய்யாற்றின்கரை: பூனை முற்றத்து மணலில் குந்தி முக்குகிறது, எழுகிறது, இரண்டடி நகர்ந்து மீண்டும் குந்துகிறது. இதைக் காணும் வீட்டார் பெரும்பாலும் மலச்சிக்கல் என்றே எண்ணுகின்றனர். சிறிது விளக்கெண்ணெயைப் புகட்டிவிட்டு மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவதும் உண்டு. அது ஆண் பூனையாக இருந்து, அடைபட்டது மலமாக இல்லாமல் சிறுநீராக இருந்தால், அந்த ஒரு நாள் அதன் உயிரைப் பறித்துவிடக்கூடும். சிறுநீர்ப் பாதை முற்றிலும் அடைபட்ட பூனை சிகிச்சையின்றி இரண்டு மூன்று நாள்களுக்கு மேல் தாங்குவது அரிது. முதல் 24 மணி நேரத்துக்குள்ளாகவே உடலில் நச்சு ஏறத் தொடங்கிவிடும்.

கேரளத்தின் தென்கோடியில், தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் புழங்கும் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் பூனை இல்லாத வீடு குறைவு. அவற்றுள் பல கட்டற்று வெளியே திரிந்து, தோட்டத்து மண்ணில் கழித்துவிட்டு வருபவை. அவை எப்போது, எவ்வளவு சிறுநீர் கழிக்கின்றன என்பதை எவரும் கவனிப்பதில்லை. அண்மைக் காலமாகப் பாரசீக இனப் பூனைகளை வீட்டுக்குள்ளேயே வளர்க்கும் வழக்கமும் கேரளத்தில் பரவியுள்ளது. நோய் அதிகம் தாக்குவது இரண்டாம் வகைப் பூனைகளைத்தான் என்றாலும், கண்டறியத் தாமதமாவது முதல் வகையில்தான்.

ஒரு பெயர், பல காரணங்கள்

சிறுநீர்ப்பையையும் அதிலிருந்து வெளியே செல்லும் குழாயான சிறுநீர்ப்புறவழியையும் பாதிக்கும் கோளாறுகள் அனைத்தையும் கால்நடை மருத்துவம் ‘பூனைகளின் கீழ்ச் சிறுநீர்ப் பாதை நோய்’ என்ற பொதுப்பெயரில் குறிக்கிறது. 1970-களில் இது ஒரே நோய் போலக் கருதப்பட்டு வேறு பெயரில் வழங்கப்பட்டது. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் ஆஸ்போர்னும் அவருடைய குழுவினரும், இது ஒரு நோயன்று, வெவ்வேறு காரணங்கள் ஒரேவிதமான அறிகுறிகளைக் காட்டுகின்றன என்று 1984-இல் எடுத்துரைத்தனர். காரணம் வேறானால் சிகிச்சையும் வேறாகும் என்பதால் இந்த வேறுபாடு மருத்துவமனை மேசையில் இன்றும் பயன்படுகிறது.

பத்து வயதுக்குட்பட்ட பூனைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில், எவ்வளவு சோதித்தாலும் கல்லோ கிருமியோ கட்டியோ அகப்படுவதில்லை. சிறுநீர்ப்பை மட்டும் அழன்று, உள்சுவரில் இரத்தம் கசிந்திருக்கும். காரணம் அறியப்படாத சிறுநீர்ப்பை அழற்சி என்று இதற்குப் பெயர். அடுத்த நிலையில் வருபவை கற்கள். பின்னர், சளி போன்ற புரதப் பொருளும் படிகங்களும் கலந்து புறவழியில் தக்கைபோல் அடைத்துக்கொள்ளும் அடைப்பான்கள். பலரும் முதலில் ஐயுறும் கிருமித்தொற்று இளம் பூனைகளில் நூற்றுக்கு ஓரிரண்டில்தான் காணப்படுகிறது. பத்து வயதைக் கடந்த பூனைகளில் கணக்கு மாறிவிடும். சிறுநீரகம் தளர்ந்து, சிறுநீர் நீர்த்துப்போகும் அந்த வயதில் தொற்று மிகச் சாதாரணம்.

இளம் பூனை இரத்தம் கலந்து சிறுநீர் கழித்தவுடன் ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிக் கொடுப்பது ஏன் பெரும்பாலும் வீண் என்பது இதிலிருந்து விளங்கும். காரணமறியா அழற்சி பல பூனைகளில் ஐந்து முதல் ஏழு நாள்களில் தானே தணிந்துவிடும் இயல்புடையது. அந்த நாள்களில் எந்த மாத்திரையைக் கொடுத்தாலும் அதுவே குணப்படுத்தியதாகத் தோன்றும்.

அடைப்பு ஏன் ஆண் பூனைக்கு?

பெண் பூனையின் புறவழி குட்டையானது, அகன்றது. ஆண் பூனையின் புறவழியோ நீண்டு சென்று, நுனிப் பகுதியில் மிகக் குறுகிவிடுகிறது. அங்கே மணல் அளவிலான துகளோ சளித்தக்கையோ சிக்கினாலும், அழற்சியால் தசை இறுகிக்கொண்டாலும் வழி மூடிவிடும். கருத்தடை செய்தால் இந்தக் குழாய் குறுகிப்போகும் என்ற அச்சம் வளர்ப்போரிடையே உண்டு. அளந்து பார்த்த ஆய்வுகள் அதை உறுதி செய்யவில்லை. கருத்தடை செய்த பூனை எடை கூடி, நடமாட்டம் குறைந்து வீட்டிலேயே சோம்பிக் கிடப்பதுதான் கவலைக்குரியது. நடுத்தர வயது, பருத்த உடல், வீட்டுக்குள் அடைந்த வாழ்க்கை, உலர் தீவனம் மட்டுமே உணவு ஆகியவை சேர்ந்த ஆண் பூனைக்கு அபாயம் மிகுதி.

அடைப்பு விழுந்ததும் சிறுநீரகம் தன் வேலையை நிறுத்துவதில்லை. சிறுநீர் தொடர்ந்து வந்து பை உப்புகிறது. அழுத்தம் பின்னோக்கிச் சிறுநீரகத்தைத் தாக்கும்போது வடிகட்டும் பணி நின்றுவிடுகிறது. வெளியேற வேண்டிய யூரியாவும் பொட்டாசியமும் இரத்தத்தில் தேங்குகின்றன. இவற்றில் உயிரைக் குடிப்பது பொட்டாசியமே. அதன் அளவு ஏற ஏற இதயத்துடிப்பு மெலிந்து, சீர்குலைந்து, இறுதியில் நின்றுவிடும். முதல் நாள் கத்திக்கொண்டிருந்த பூனை இரண்டாம் நாள் அமைதியாகிவிட்டால், வலி குறைந்துவிட்டது என்று வீட்டார் நிம்மதி அடைவதுண்டு. உண்மையில் நிலைமை முற்றியதன் அடையாளம் அது.

கவனிக்க வேண்டியவை

நலமான பூனை நாளொன்றுக்கு இரண்டு முதல் நான்கு முறை சிறுநீர் கழிக்கும். அதற்கு மாறாக அடிக்கடி குந்துதல், சொட்டுச் சொட்டாக வருதல், இளஞ்சிவப்பு நிறம், கழிக்கும்போது ஓலமிடுதல், பிறப்புறுப்பை ஓயாமல் நக்குதல், வழக்கமான இடத்தை விட்டுச் சிமென்ட் தரையிலோ குளியலறையிலோ துணி மூட்டையின் மேலோ கழித்தல் ஆகியவை இந்நோயின் அறிகுறிகள். கண்ட இடத்தில் கழிப்பதை அடங்காமை என்று எண்ணி அடிப்பது தவறு. மணலில் கழித்தபோதெல்லாம் வலித்ததால் பூனை மணலையே குற்றவாளியாக்கிவிட்டு வேறிடம் தேடுகிறது.

இவ்வளவும் இருந்து சிறுநீர் ஓரளவேனும் வருகிறதென்றால், அன்றோ மறுநாளோ மருத்துவரிடம் காட்டலாம். குந்திக் குந்தி ஒரு சொட்டும் வரவில்லை, வாந்தி எடுக்கிறது, உணவைத் தொடவில்லை, வயிற்றைத் தொட்டால் சீறுகிறது என்றால் நள்ளிரவானாலும் புறப்பட வேண்டியதுதான். அடிவயிற்றில் எலுமிச்சையோ சிறு ஆரஞ்சுப் பழமோ இருப்பதுபோல் கெட்டியாகத் தட்டுப்படுவது நிரம்பி இறுகிய சிறுநீர்ப்பை. அதை வீட்டில் அழுத்திப் பிதுக்க முயன்றால் பை கிழிந்துவிடக்கூடும்.

மருத்துவரிடம் தொலைபேசியில் சொல்லும்போது ஒரு சொல்லில் கவனம் தேவை. ‘பூனை பாத்ரூம் போகவில்லை’ என்று சொன்னால் அது மலத்தையும் குறிக்கும், சிறுநீரையும் குறிக்கும். கேட்பவர் மலச்சிக்கல் என்று கொண்டு, காலையில் வரச்சொல்லிவிட வாய்ப்புண்டு. மூத்திரம் என்பது இரு மொழிக்கும் பொதுவான சொல். எல்லைப் பகுதித் தமிழர்கள் மலையாளம் பேசும் மருத்துவரிடம் ‘மூத்ரம் போகுன்னில்லா’ என்று கூறி, ஆண் பூனை என்பதையும் கடைசியாக எப்போது கழித்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால் அவசரம் உடனே புரியும்.

எங்கே செல்வது?

1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு உள்ளிட்ட தாலுகாக்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தபோது நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. அதனால் இப்பகுதி மக்களுக்கு இருபுறமும் மருத்துவ வழிகள் உள்ளன. நெய்யாற்றின்கரையிலிருந்து வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில் திருவனந்தபுரம். அங்குக் குடப்பனக்குன்னில் அரசின் பன்னோக்குக் கால்நடை மருத்துவமனை உள்ளது. பாறசாலைக்குத் தெற்கே களியக்காவிளையைக் கடந்தால் மார்த்தாண்டம், நாகர்கோவில். அதற்கும் அப்பால் திருநெல்வேலி இராமையன்பட்டியில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்லூரி இயங்குகிறது. நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திகளுக்கான 1962 என்ற கட்டணமில்லா எண் இரு மாநிலங்களிலும் ஒன்றே. ஆனால் முழு அடைப்புக்கு மயக்கம் கொடுத்துக் குழாய் செருகவும், நரம்பு வழியே திரவம் ஏற்றவும், ஓரிரு நாள் உள்நோயாளியாகக் கவனிக்கவும் வசதி வேண்டும். எனவே ‘அடைப்பு எடுக்கும் வசதி இப்போது உண்டா?’ என்று முன்கூட்டியே கேட்டறிந்து செல்வது வீண் அலைச்சலைத் தவிர்க்கும். பூனை வளர்ப்போர் நோய் வரும் முன்னரே, இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை எது என்று விசாரித்து எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

நோயறிதல்

மருத்துவர் முதலில் செய்வது கையால் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதே. அடைப்பு உண்டா இல்லையா என்பது அதிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். அடைப்பு இருந்தால் மற்றச் சோதனைகளுக்கு முன் இதயத்தைப் பார்க்க வேண்டும். மருத்துவமனைக்கு வந்த பதற்றத்தில் பூனையின் இதயம் நிமிடத்துக்கு 160 முதல் 220 வரை துடிப்பது இயல்பு. அது 120-க்கும் கீழே இறங்கி, உடலும் குளிர்ந்திருந்தால், இரத்தச் சோதனை முடிவு வருவதற்கு முன்னரே பொட்டாசியம் ஆபத்தான அளவை எட்டிவிட்டதாக மருத்துவர் கொள்வார். ஆய்வக வசதியற்ற சிற்றூர் மருத்துவமனைக்கு இந்த எளிய கணிப்பு பேருதவி.

அடைப்பில்லாத பூனைக்குச் சிறுநீர்ச் சோதனையே அடிப்படை. சிறுநீரைத் தரையிலிருந்து உறிஞ்சி எடுத்து வருவதால் பயன் குறைவு. ஸ்கேன் பார்த்தபடியோ கையால் பற்றியபடியோ வயிற்றின் வழியே மெல்லிய ஊசி செலுத்தி எடுப்பதே தூய முறை. காண்போர் அஞ்சினாலும் பூனை அதைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். எடுத்த சிறுநீரை ஒரு மணி நேரத்துக்குள் நுண்ணோக்கியில் பார்த்துவிட வேண்டும். குளிர்பெட்டியில் வைத்தால் இல்லாத படிகங்கள் புதிதாக உருவாகிவிடும். படிகம் தெரிந்தாலே நோய் என்பதும் இல்லை. நலமான பூனைகளின் சிறுநீரிலும் படிகங்கள் காணப்படும். வண்ணப் பட்டைச் சோதனையில் வெள்ளணு கட்டம் பூனைகளுக்குப் பொய்யாக நிறம் மாறுவதுண்டு. மனிதருக்கான அந்தப் பட்டையை மட்டும் நம்பித் தொற்று என்று முடிவு கட்டுவது சரியன்று. தொற்று உண்டா என்பதைக் கிருமி வளர்ப்புச் சோதனையே சொல்லும்.

கல் உண்டா என்பதை எக்ஸ்ரேயும் ஸ்கேனும் காட்டும். பூனைகளில் மிகுதியாகக் காணப்படும் ஸ்ட்ருவைட், கால்சியம் ஆக்சலேட் ஆகிய இரு வகைக் கற்களும் எக்ஸ்ரேயில் தெரியும். யூரேட் கல் பெரும்பாலும் தெரியாது. படத்தை எடுக்கும்போது சிறுநீர்ப்பையோடு நிறுத்தாமல் புறவழி முழுவதும் அடங்குமாறு வால் வரை எடுப்பது அவசியம்.

சிகிச்சை

முழு அடைப்பில் சிகிச்சை இரு முனைகளில் ஒரே நேரத்தில் நடக்கிறது. நரம்பு வழியே திரவம் ஏற்றப்படுகிறது. இதயத்தைக் காக்கக் கால்சியம் குளுக்கோனேட் மெதுவாகச் செலுத்தப்படுகிறது. இது பொட்டாசியத்தைக் குறைப்பதில்லை. அதன் தாக்குதலிலிருந்து இதயத்துக்குச் சுமார் அரை மணி நேர அவகாசம் பெற்றுத் தருகிறது, அவ்வளவே. பொட்டாசியத்தை இரத்தத்திலிருந்து உயிரணுக்களுக்குள் தள்ள இன்சுலினும் குளுக்கோஸும் சேர்த்துக் கொடுக்கப்படும். நிலை சீரானதும் மயக்கமளித்து, மெல்லிய கதீட்டர் குழாயைப் புறவழியில் செருகி, உப்புநீரைப் பாய்ச்சி அடைப்பைப் பின்தள்ளி வழி திறப்பர். குழாய் வழக்கமாக ஓரிரு நாள்கள் உள்ளேயே இருக்கும். வழி திறந்த பின் சிறுநீர் வெள்ளமாகப் பெருகும் கட்டம் ஒன்றுண்டு. வெளியேறும் அளவுக்கு ஈடாகத் திரவம் ஏற்றாவிட்டால் காப்பாற்றிய பூனை நீரிழப்பில் சோர்ந்துவிடும். முதல் நாளே வீட்டுக்கு அழைத்துச் செல்ல வற்புறுத்துவோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

உரிய சிகிச்சை கிடைத்த பூனைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பிழைத்து வீடு திரும்புவதாக வெளிநாட்டு மருத்துவமனைகளின் பதிவுகள் காட்டுகின்றன. செலவே தடையாகும்போது கருணைக்கொலை ஒன்றே வழி என்ற நிலை பல நாடுகளிலும் உண்டு. அதை மாற்ற அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக மருத்துவர்கள் குழாய் செருகாத முறையொன்றை 15 ஆண் பூனைகளில் முயன்று 2010-இல் வெளியிட்டனர். வலி நீக்கி, அமைதிப்படுத்தும் மருந்து கொடுத்து, ஊசியால் சிறுநீர்ப்பையை அவ்வப்போது வடித்து, இருட்டான அமைதியான அறையில் வைத்ததில் 11 பூனைகள் தாமாகவே சிறுநீர் கழித்தன. எஞ்சிய நான்கில் முறை தோற்றது. முதன்மைச் சிகிச்சைக்கு இது மாற்றாகாது என்றாலும், அச்சமும் தசை இறுக்கமும் அடைப்பில் எவ்வளவு பங்கு வகிக்கின்றன என்பதை இம்முயற்சி காட்டியது.

ஸ்ட்ருவைட் கல் கரையக்கூடியது. அதற்கென்று தயாரிக்கப்பட்ட உணவை மட்டுமே கொடுத்தால் சில வாரங்களில் கரைந்துவிடுவதால், அடைப்பு இல்லாத பூனைக்கு உடனே கத்தி வைக்க வேண்டியதில்லை. இடையே ஒரு துண்டு மீனைப் போட்டாலும் அந்த உணவின் பயன் குறையும். கால்சியம் ஆக்சலேட் எந்த உணவுக்கும் கரையாது. அறுவை சிகிச்சையே வழி. இவ்விரு கற்களின் வரலாறு சுவையானது. 1981-இல் மின்னசோட்டாவில் தொடங்கிய கல் ஆய்வு மையத்துக்கு அப்போது வந்த பூனைக் கற்களில் நான்கில் மூன்றுக்கு மேல் ஸ்ட்ருவைட். உணவு நிறுவனங்கள் மக்னீசியத்தைக் குறைத்து, சிறுநீரை அமிலமாக்கும் தீவனங்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. ஸ்ட்ருவைட் சரிந்தது, மிக அரிதாக இருந்த ஆக்சலேட் ஏறிக்கொண்டே வந்து 1990-களில் அதை முந்தியது. எனவே கல்லின் வகை தெரியாமல் கடையில் ‘யூரினரி’ என்று எழுதிய பொட்டலத்தை வாங்கி மாதக்கணக்கில் கொடுப்பது விவேகமன்று.

மீண்டும் மீண்டும் அடைக்கும் பூனைக்குக் குறுகிய நுனிப் பகுதியை நீக்கி, அகன்ற பகுதியில் புதிய திறப்பு அமைக்கும் அறுவை உண்டு. அடைப்பு அதனால் பெரிதும் தவிர்க்கப்படும். அழற்சி தவிர்க்கப்படாது, தொற்றுக்கும் வாய்ப்புக் கூடும். ஆகவே இது கடைசி வழியாகவே கொள்ளப்படுகிறது.

வீட்டில் செய்யக்கூடாதவை

பாராசிட்டமால் மாத்திரையைப் பூனைக்குக் கொடுக்கவே கூடாது. அதை முறிக்கும் வேதிவழி பூனையின் ஈரலில் மிகக் குறைவு. மனிதருக்கான 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லப் போதுமானது. ஐபுரூஃபனும் அவ்வாறே ஆபத்தானது. மனிதரின் கல்லடைப்புக்குக் கைவைத்தியமாக உள்ள வாழைத்தண்டுச் சாறு, பார்லித் தண்ணீர் ஆகியவற்றை அடைபட்ட பூனைக்கு வலிந்து புகட்டுவதும் தீங்கே. வெளியேற வழியில்லாத பையை மேலும் நிரப்புவதாகவே அது முடியும். புரையேறி நுரையீரலுக்குள் சென்றுவிடும் அபாயமும் உண்டு. சிறுநீர் பெருக்கி மாத்திரைகளுக்கும் இதுவே பொருந்தும்.

மீண்டும் வராமலிருக்க

பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. இரையிலிருக்கும் நீரைக் கொண்டே வாழ்ந்து பழகிய இனம் என்பதால் தாகம் குறைவு, சிறுநீர் செறிவு மிகுதி. உலர் தீவனத்தில் ஈரம் பத்தில் ஒரு பங்குதான். அதை மட்டும் தின்னும் பூனை ஈட்டை நீர் குடித்து முழுமையாகச் சரிசெய்துகொள்வதில்லை. ஈர உணவுக்கு மாறுவதே இந்நோய் திரும்புவதைக் குறைப்பதில் மிகப் பயனுள்ள ஒற்றை மாற்றம். பவுச் உணவு கட்டுப்படியாகாத வீட்டில் தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்துக் கொடுக்கலாம். சாளையோ நெத்தோலியோ வேகவைத்த நீரை ஆறவைத்து உணவில் கலக்கலாம். உப்பும் மசாலாவும் சேருமுன் எடுத்துவிட வேண்டும். வெங்காயமும் பூண்டும் சேர்ந்த மீன்குழம்பு பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். மீனும் சோறும் மட்டுமே நிறைவான உணவாகாது என்பதையும் நினைவில் கொள்க. நீர்க்கிண்ணங்களை அகலமானவையாக, உணவுத்தட்டிலிருந்து தள்ளி, இரண்டு மூன்று இடங்களில் வைக்கலாம்.

மன அழுத்தம் என்பதைப் பூனைக்குப் பொருத்திச் சொன்னால் சிலர் சிரிக்கக்கூடும். ஆனால் காரணமறியா அழற்சியில் மருந்தைவிட வலுவான சான்று இதற்கே உள்ளது. டோனி பஃபிங்டன் தலைமையிலான ஆய்வாளர்கள் இந்நோயுள்ள 46 வீட்டுப் பூனைகளின் சூழலை மாற்றியமைத்துப் பத்து மாதங்கள் கண்காணித்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், சிறுநீர்க் கோளாறுகளும் அச்சமும் பதற்றமும் குறைந்தன. நியூசிலாந்தில் 1997-இல் வெளியான ஆய்வொன்று, அண்மையில் வீடு மாறியதையும் முந்தைய மாதத்தில் மழைநாள்கள் மிகுந்திருந்ததையும் இந்நோயுடன் தொடர்புபடுத்தியது. தென்மேற்கும் வடகிழக்கும் என இரு பருவமழையும் பெறும் இப்பகுதிக்கு அது கருதத்தக்கது. முற்றம் நனைந்து கிடக்கையில் வெளியே செல்ல விரும்பாத பூனை சிறுநீரை அடக்கிக்கொள்ளும். மழைக்காலத்திலேனும் திண்ணையிலோ பின்கட்டிலோ மழை படாத இடத்தில் மணல் தட்டு வைப்பது நல்லது. ஒரு பூனைக்கு இரண்டு தட்டு, இரண்டுக்கு மூன்று என்பது கணக்கு. நாள்தோறும் கழிவை அள்ளும்போது கட்டிகளை எண்ணினாலே நோய் திரும்புவது முன்கூட்டித் தெரிந்துவிடும்.

ஒளிந்துகொள்ள அட்டைப்பெட்டி, ஏறி அமர உயரமான பலகை, நகம் கீற ஒரு மரத்துண்டு, நாளுக்குச் சில நிமிட விளையாட்டு என இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. ஒரே வீட்டில் பகைக்கும் பூனைகள் இருந்தால் உணவும் நீரும் தட்டும் தனித்தனி இடங்களில் இருக்க வேண்டும்.

அடைப்பு நீங்கி வீடு திரும்பிய முதல் வாரத்தில்தான் மீண்டும் அடைப்பதற்கு வாய்ப்பு அதிகம். அந்த வாரம் பூனையை வெளியே விடாமல், தனி அறையில், கண்ணில் படும் தட்டுடன் வைத்து, ஒவ்வொரு முறையும் சிறுநீர் வருகிறதா என்று பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ள மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். தட்டு எட்டு மணி நேரத்துக்கு மேல் உலர்ந்தே இருந்து, பூனை குந்தி எழுந்தபடி இருந்தால், மறுபடியும் மருத்துவமனைக்கே செல்ல வேண்டும்.